பின்னணி இசை இல்லாத மைதானம்

1

இந்தக் கதை ஆரூரன் கேட்டதால் தொடங்கியது. ஆனால் அவன் கேட்டது இந்தக் கதையை அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புளியங்கூடலில் ஒரு கமராவையும் இரண்டு விளக்கையும் வைத்துக்கொண்டு குறும்படம் எடுக்கிற பொடியன் அவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்கும்பானில் என் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தந்த தேத்தண்ணியை ஆறவிட்டுப் பிறகு வாயைத் திறந்தான்.

“அக்கா, கம்பஸ் கதை ஒண்டு எழுதித் தாங்கோ. திரில்லர். தீவில இருந்து படிக்கப் போற பெட்டை. முதல் பத்து நிமிசத்துக்குள்ள காணாமப் போகோணும்.”

“ஏன் காணாமப் போறாள்?”

“அதைத்தானே நீங்கள் எழுதப்போறியள்.”

எழுதினேன். இப்படி:

மழை. கரண்ட் போன விடுதி. நீண்ட விறாந்தையின் கடைசியில் ஒரு சப்பாத்துச் சத்தம். சுமித்திரா திரும்பிப் பார்த்தாள். அங்கே

அங்கே என்ன நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. வசனத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

(இந்த வகைப் படங்களை நான் ஒன்றும் விடாமல் பார்க்கிறவள். அவற்றைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் ஒரு சந்தேகம். அந்தக் கொலைகாரர்களுக்கு எங்கிருந்து இவ்வளவு நேரம் கிடைக்கிறது? விடுகதை எழுதுகிறார்கள், முகமூடி தைக்கிறார்கள், மின்சாரத்தை அறுக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒப்படை எழுதி முடிக்கவே நேரம் போதவில்லை. இன்னொன்று, அங்கே ஆபத்து வருமுன் இசை வந்துவிடும். அது பெரிய உபகாரம்.)

2

சுமித்திரா என்பது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. ஆனால் அப்படி ஒருத்தி இருக்கிறாள். நான் நெடுந்தீவில் படிப்பிக்கிறேன். காலையில் பஸ் ஏறி, குறிகட்டுவான் துறையில் படகு ஏறி, ஒரு மணித்தியாலக் கடல் கடந்து போய்வருகிற ரீச்சர்மாரில் ஒருத்தி. அவள் என்னிடம் படித்த பிள்ளை. கம்பஸுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டாள். அவளுடைய தகப்பன் றொபின்சன் விடமாட்டேன் என்றார்.

றொபின்சன் மாடு வளர்க்கிறார், காற்று விட்டால் கடலுக்கும் போவார். கம்பஸ் வாசலை மிதித்ததில்லை. ஆனால் அதன் உள்ளே நடப்பது எல்லாம் தனக்குத் தெரியும் என்றிருந்தார், ஏனென்றால் அவரும் என்னைப்போல் அந்தப் படங்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறவர். ஊரே கூடிக் கதைத்து, சுவாமியாரும் ஒரு சொல் சொல்லி, கடைசியில் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார். போகுமுன் மகள் தன்னோடு இருந்து அந்தப் படங்களைப் பாடமாகப் பார்க்கவேண்டும்.

நான் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனபோது பாடம் நடந்துகொண்டிருந்தது. றொபின்சன் போனில் ஓடிய படத்தை நிறுத்திவைத்துக் கேட்டார்.

“இதில இவள் விட்ட பிழை என்ன?”

“தனிய நூலகத்துக்குப் போனது.”

“அதில்லை. அதுக்கு முதல். கண்ணாடி போட்ட பொடியன் சிரிச்சவன். இவளும் சிரிச்சவள்.”

“அப்பா, எங்கட ரீச்சரும் கண்ணாடிதான்.”

றொபின்சன் திரும்பி என் கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்சநேரம் யோசித்தார் என்றே நினைக்கிறேன். பிறகு தேசிக்காய்த் தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

(இந்த இடத்தில் றொபின்சனைக் கோமாளியாக்கலாம் என்று ஆசை வந்தது. ஒரு பக்கம் அப்படி எழுதியும் பார்த்தேன், கிழித்துவிட்டேன். மனிசன் பயந்துபோய் இருந்தார். அந்தப் பயத்துக்கு அவர் கையில் கிடைத்த பாடப்புத்தகம் அது ஒன்றுதான்.)

3

இனி வருவது விடுமுறைக்கு வந்த சுமித்திரா படகில் எனக்குச் சொன்னது. அதற்கு முன் நெடுந்தீவு வழக்கம் ஒன்று சொல்லவேண்டும். அங்கே மாடுகள் வெளியில் திரியும். இன்னார் மாடு என்று அறிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சூட்டுக்குறி உண்டு. கோடையில் கிணறு உள்ளவர்கள் படலைக்கு வெளியே தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். தொட்டிக்கு வரும் மாட்டுக்கு யாரும் குறி பார்ப்பதில்லை. சண்டைபிடித்துக் கோட்டில் வழக்காடுகிற வீட்டு மாடும் குடித்துவிட்டுப் போகும்.

கம்பஸில் மூத்த மாணவர்கள் புதுப் பிள்ளைகளை வாட்டுகிற பகிடிவதை ஒரு குரலில்தான் தொடங்கியது. “தங்கச்சி, பின்னேரம் மைதானத்துக்கு வாரும்” என்று ஒரு சீனியர் அக்கா. அவ்வளவு அன்பான குரலாம். றொபின்சனின் பாடத்தில் அந்தக் குரல் இல்லை. மைதானத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளை வெயிலில் முழங்காலில் நிறுத்தினார்கள். வேலணைப் பிள்ளை கோபிகா தலைசுற்றி, தண்ணி கேட்டாள். சீனியர்கள் கேட்காத மாதிரி நின்றார்கள்.

“நான் அவை மறந்துபோச்சினம் எண்டு நினைச்சன் ரீச்சர்,” என்றாள் சுமித்திரா.

“என்னத்தை மறந்தது?”

“தண்ணி குடுக்க. ஆரும் வேணுமெண்டு தண்ணி குடாமல் விடுவினமே?”

ஆகவே எழும்பிப் போய், குழாயில் போத்தலை நிரப்பி, மைதானத்தின் குறுக்கே நடந்து வந்திருக்கிறாள். முதலில் அந்தச் சீனியர் அக்காவிடம்தான் நீட்டினாளாம். “நீங்களும் குடியுங்கோ அக்கா, நீங்களும் வெயிலுக்கதானே நிக்கிறியள்.” அந்த அக்கா திகைத்துப்போய் வாங்கிக் குடித்துவிட்டாள். பிறகு கோபிகா குடித்தாள்.

பொழுதுபடமுன் சீனியர்கள் அவளுடைய அறைக்கு வந்து விளங்கப்படுத்தினார்கள். மறதி இல்லை, தண்ணி குடுக்கக் கூடாது என்பதுதான் கட்டளை. அடுத்தநாள் அதே மைதானம், அதே வெயில், அதே கோபிகா.

“அப்ப என்ன செய்தனி?”

“திரும்பக் குடுத்தனான்.”

“தெரிஞ்சுகொண்டோ?”

“ஓம். முதல்நாள் கால் நடுங்கேல்லை. அண்டைக்கு நடுங்கினது.”

ஐயோ பிள்ளை, என்று மட்டும் சொன்னேன். படகு நல்லாய் ஆடியது, எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை படம் பார்த்தும் இப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. ஓட்டமும் இல்லை, கத்தியும் இல்லை, இசையும் இல்லை. ஒரு பெட்டை ஒரு போத்தலோடு வெயிலில் நடந்து வருகிறாள்.

அன்றிலிருந்து அவளோடு யாரும் கதைப்பதில்லை. அவள் இருந்தால் கன்ரீன் மேசை காலியாகும். பாடக்குறிப்பு யாரும் தருவதில்லை. கோபிகாவும் கதைப்பதில்லை, போத்தலைக் கழுவி அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாளாம்.

“நிர்வாகத்துக்குச் சொல்லன்.”

“எழுதிக் குடுத்திட்டன் ரீச்சர். பாப்பம் எண்டினம்.”

“திரும்பிப் போகப்போறியோ?”

“போகாமல்? வாற வருசம் புதுப் பிள்ளையள் வருங்கள் எல்லோ.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அண்டையோட படிப்பு முடிஞ்சுது.”

4

ஆரூரனுக்கு இதைச் சொன்னேன். ஊரும் பேரும் மாற்றித்தான். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நல்லாய்த்தான் இருக்கு. ஆனா ஒரு கொலையாவது வேணும் அக்கா.”

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அந்தச் சீனியர் அக்கா அழுது மன்னிப்புக் கேட்கிறாள். அதை வாசித்து எனக்கே வெட்கமாகிவிட்டது. இன்னொன்றில் எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு போத்தலோடு எழும்புகிறார்கள். எழுதும்போது அழுதேன், ஆனால் அப்படி நடக்கவில்லை. மூன்றாவதில் சுமித்திரா நெடுந்தீவுக்கே திரும்பி வந்து

அதை எழுத எனக்கு ஏலாது.

5

கடைசிக் காட்சி நேற்றுக் காலை குறிகட்டுவானில் நடந்தது. விடுமுறை முடிந்து சுமித்திரா போகிறாள். றொபின்சன் அவளை யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட வந்திருந்தார். ஏற்றிவிட்டு நான் போகும் படகிலேயே அவர் திரும்பவேண்டும். பஸ் இன்னும் வெளிக்கிடவில்லை. யன்னலோரம் இருந்த மகளிடம் அவர் இரண்டு தண்ணிப் போத்தலைக் கொடுத்தார்.

“ஏன் இரண்டு?” என்று கேட்டேன்.

“ஒண்டு அவளுக்கு. மற்றது பக்கத்தில ஆரும் கேட்டால்.”

அவருக்குத் தெரியுமா? முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. வழக்கமாகவே இரண்டு கொடுக்கிற மனிசனாகவும் இருக்கலாம். சுமித்திரா யன்னலுக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள்.

சாரதி ஏறினார். றொபின்சன் என் பக்கம் திரும்பினார்.

“ரீச்சர், நீங்களும் கம்பஸில படிச்ச ஆள்தானே. உள்ளதைச் சொல்லுங்கோ. அங்க படத்தில வாற மாதிரியோ?”

இல்லை என்றால் அது முழு உண்மை. முகமூடி இல்லை, விறாந்தையில் சப்பாத்துச் சத்தம் இல்லை. ஆனால் அந்த இல்லையை நம்பித்தான் அவர் மகளை அனுப்புவார். உள்ளதைச் சொன்னால் பஸ்ஸில் ஏறி அவளைக் கையில் பிடித்து இறக்குவார். வாற வருசம் அந்த மைதானத்தின் குறுக்கே நடக்க ஆள் இருக்காது.

நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் என் பதிலைச் சரிபிழை பார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுவீர்கள். உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பஸ் இரைகிறது. அவர் இன்னும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். சொல்லுங்கோ.