வெண்டெலின் வச்சிரம்

ஆக்ஸ்பர்க் நகரைப் படைகள் வளைத்து மாதக்கணக்காகிவிட்டது. நாயும் பூனையும் தீர்ந்து, ஜனங்கள் செருப்புத் தோலை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அலமாரி ஆசாரி வெண்டெல் அன்றும் ரொட்டிக்கு வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். ஆறு வயது மகள் ரெகினா படுக்கையை விட்டு எழுந்து இரண்டு நாளாகிறது. இன்று வயிற்றில் ஏதாவது விழுந்தால்தான் பிழைப்பாள்.

பட்டறையில், ஒரு பிரபுவுக்காக நான்கு வருடம் இழைத்த அலமாரி நின்றது. கருங்காலி உடம்பு, தந்தப் பூவேலை, பவளமும் சிப்பியும் சேர்த்துவைக்க நாற்பத்திரண்டு இழுப்பறைகள். பிரபு எந்தத் திக்கில் ஓடினாரோ, யாருக்குத் தெரியும்!

உள்ளே அடுப்பு எரிந்தது. மனைவி அஃப்ரா சட்டியைக் கிளறிக்கொண்டே சிரித்தாள்.

"உங்களுக்குக் கிறுக்கா? பரண்ல மூட்டை மூட்டையா வச்சிரம் கெடக்கு! மாட்டுத்தோலக் காய்ச்சின பசைதானே? எதிர்வீட்டு ஆசாரி மெல்கியோர் குடும்பமே ஒரு மாசமா அவங்க வீட்டு வச்சிரத்தக் குடிச்சுத்தான் உசுரோட இருக்கு."

வெண்டெல் பாய்ந்து சட்டியைத் தட்டிவிட்டான். கஞ்சி தரையெங்கும் ஓடியது.

"குடுத்துட்டியா அவளுக்கு?"

"இன்னும் இல்ல, எறக்கி ஆறவச்சுக் குடுக்கலாம்னு இருந்தேன். பாவி மனுசா, என்ன காரியம் பண்ணினீங்க!"

"அதுல பாஷாணம் இருக்குடி."

பசை ருசிக்கு எலி கடிக்கும், தந்தப் பூ உதிரும். மெல்கியோரின் அலமாரிகள் அப்படித்தான் பழுதுக்குத் திரும்பி வரும். வெண்டெல் மட்டும் ஒவ்வொரு முறை பசை காய்ச்சும்போதும் பாஷாணத்தைக் கலந்தான். நூறு வருடத்துக்கு எலி தொடாது என்று ஆசாரிகள் சங்கக் கூட்டத்தில் மார்தட்டினான். தன் பசை மட்டும் வாயில் வைக்க உதவாது என்பதை இப்போது எந்த முகத்தோடு வீட்டில் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தான். அந்த வீம்புதான் இன்று பிள்ளையைக் கொல்லப் பார்த்தது.

"மெல்கியோர்கிட்ட ஒரு பாளம் வச்சிரம் கேளுங்க. கால்ல விழுங்க."

"விழுந்துட்டேன். 'உன் வச்சிரந்தான் ஒசத்தியாச்சே, அதையே குடி'ன்னு கதவச் சாத்திட்டான்."

"அம்மா, கஞ்சி?" என்றாள் ரெகினா உள்ளேயிருந்து.

அஃப்ரா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகு பிள்ளைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு கரண்டி குடுத்தா, வலிக்காமப் போயிடுவாளா?"

"வலிக்கும்" என்றான் வெண்டெல்.