தேவகி கையெழுத்திட்ட வெள்ளி

மலேசியாவின் அலோர் ஸ்டார் நகரில், மெர்கோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் தேவகி பழைய நாணயங்களைப் பார்த்துத் தரம் சொல்லத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவள் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால் வாங்குகிறவர்கள் மறுபேச்சு பேசமாட்டார்கள். பல கை மாறித் தேய்ந்ததை அவள் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. புழங்கிய நாணயம் தேயத்தான் செய்யும். ஆனால் சுரண்டியது, பளபளப்புக்காகத் தேய்த்துக் கழுவியது, ஓட்டை போட்டு அடைத்தது என்றால் விடமாட்டாள். யார் கொண்டுவந்தாலும் ‘சேதம்’ என்றே எழுதுவாள்.

போன ஆண்டு மார்ச்சில், ஒரு சனிக்கிழமை காலை மெர்போக்கிலிருந்து பிரேமலா வந்தாள். அவள் கணவர் ராமையா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லீவு கிடைத்தால் பழைய நாணயம் தேடிக் கிளம்பிவிடுவார்.

“அக்கா, இதை விக்கப் போறேன். வாங்குற ஆளு புதுச் சீட்டு கேக்குறாரு. இது ஆறு வருசத்துக்கு முந்தி நீங்க எழுதுனது” என்று மடித்த தாளோடு நாணயத்தையும் மேசைமேல் வைத்தாள்.

1904ஆம் ஆண்டின் ஒரு வெள்ளி நாணயம். தேவகி அதை விளிம்பில் பிடித்து விளக்கடியில் மெல்லச் சாய்த்தாள். அரசரின் முகத்தில் வழுக்கிக்கொண்டு போன ஒளி, தலைக்கு மேலே எழுத்துகளுக்கு நடுவில் தடைபட்டது. லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஓர் எழுத்தின் கால் மட்டும் மெலிந்திருந்தது. திருப்பினாள். அதே இடத்துக்கு நேர் பின்னால் மிளகளவு வட்டம் ஒன்று மங்கித் தெரிந்தது. யாரோ சங்கிலியில் கோக்க ஓட்டை போட்டிருக்கிறார்கள். பிறகு கைதேர்ந்த ஒருவர் வெள்ளி வைத்து அடைத்து, அழிந்த எழுத்தைத் திரும்பச் செதுக்கியிருக்கிறார்.

தாளைப் பிரித்துத் தேதியைப் பார்த்தாள். 2018, ஆகஸ்ட். அந்த ஆண்டு வலது கண்ணில் புரை. டாக்டர் உடனே ஆப்பரேஷன் என்றார். அவள் தீபாவளி தாண்டட்டும் என்று தள்ளிப்போட்டாள். கண் போய்விட்டது என்று பேச்சு கிளம்பினால் யார் வருவார்கள்? ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போதும் பழையபடியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிரேமலா எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது ஓட்டை போட்டு அடைச்ச காசும்மா.”

“நீங்கதானே குறையில்லன்னு எழுதுனீங்க?”

“நான்தான். அப்ப என் கண்ணுல புரை. சரியா தெரியல. தெரியலன்னு யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. தப்பு என்னோடது. வெலையில குறையுறத நான் தர்றேன்.”

பிரேமலா அந்தப் பழைய சீட்டை எடுத்து மடித்தாள்.

“அந்தச் சீட்டை அவரு பர்ஸ்லயே வச்சிருந்தாரு. கோப்பிக் கடையில யாராச்சும் சந்தேகமா கேட்டா, ‘தேவகி அக்கா பாத்தது லா’ன்னு எடுத்துக் காட்டுவாரு.”

தேவகி தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்க காசு வேணாங்கா. உள்ளத எழுதிக் குடுங்க, போதும்.”

‘துளை அடைக்கப்பட்டது. நான் முன்பு கொடுத்த சீட்டு தவறு’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள் தேவகி. பிரேமலா வாங்கிக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினாள்.

அன்று பிற்பகலே தேவகி பழைய பதிவேட்டை எடுத்தாள். ஆப்பரேஷன் செய்துகொள்ளும்வரை கண் மங்கியிருந்த ஆறு மாதத்தில் நாற்பத்து மூன்று நாணயங்கள் பார்த்திருந்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லி, திரும்பக் கொண்டுவரச் சொன்னாள். சிலர் பரவாயில்லை என்றார்கள். கோத்தா கோலா மூடாவிலிருந்த திவாகரன் வாய்க்கு வந்தபடி ஏசினார். கடைசியில் இருபத்தாறு திரும்பி வந்தன. அவற்றில் மேலும் இரண்டுக்கு அவள் எழுதியது தவறாக இருந்தது.

நாணயச் சேகரிப்பாளர் சங்கம் தன் மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து அவள் பெயரை ஓராண்டுக்கு எடுத்தது. கூட்டத்தில் அவளிடம் விளக்கம் கேட்டபோது, “நான் சொல்ல வேண்டியத சீட்டு வாங்குன எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள் தேவகி.