பதினோராவது ஜாக்கெட்

குமுளியில் ஜீப் சவாரி நடத்தும் ஜினோ, தன் ஓட்டுநர்களுக்காகப் பதினோரு ஜாக்கெட்டுகளைத் தமிழ்ப்ரியாவின் பிரிண்டிங் கடையில் கொண்டுவந்து இறக்கினான். முதுகில் கம்பெனிப் பெயர், நெஞ்சில் ஓட்டுநர் பெயர். முதுகுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் போதும். ஒரே ஸ்கிரீனில் எல்லாம் முடிந்துவிடும். நெஞ்சுக்கு ஆளுக்கொரு ஸ்கிரீன் செய்துகொண்டிருந்தால் விடிந்த மாதிரிதான். எனவே பெயருக்கு எம்ப்ராய்டரி என்று முடிவாயிற்று.

பத்து புதிது. பதினோராவது பழையது. நெஞ்சில் சிவப்பு நூலில் 'சுடலைமுத்து' என்று இருந்தது. கடையைத் தாண்டும்போதெல்லாம் "என்ன தங்கச்சி" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறவன். போன மழையில் ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து செத்தான். அன்றைக்கு ஜாக்கெட்டை ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். செத்தவன் துணியை எடுத்து எரித்திருக்க வேண்டும். ஜினோவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

"துணி நல்லாத்தானே இருக்கு சேச்சி? பேர் மாத்தினா மதி, அது போதும். வீரபாண்டிக்கு ஆகும்."

வீரபாண்டி அவள் புருஷன். ஒன்பது மாதம் சும்மா கிடந்துவிட்டு, சுடலைமுத்துவின் இடத்தில் நாளைக்குத்தான் சேருகிறான். வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. கிடைத்த வேலை போய்விடுமோ என்று விழுங்கிக்கொண்டாள்.

பிளேடால் நூலைப் பிரித்தாள். நூல் போயிற்று, பெயர் போகவில்லை. ஜன்னலில் தூக்கிப் பிடித்தால் ஊசி ஓட்டைகளின் வழியே வெயில் அதே பெயரை எழுதிக் காட்டியது. மேலே மை அடித்தால் மூடும்தான். ஆனால் இந்த வழவழத் துணியில் நாலு சலவைக்குள் மை உரிந்து, அடியில் இருப்பது பல்லை இளிக்கும். நூல்தான் நிற்கும். நெருக்கமாகத் தைத்துப் புதைத்துவிடலாம் என்று மெஷினை ஓட்டினாள். ஓட்டை ஒன்றுகூடத் தெரியாமல் 'வீரபாண்டி' வந்து உட்கார்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு கிளம்பியவன், சோற்று டப்பாவை மறந்துவிட்டான்.

"ஏங்க!"

திரும்பவில்லை. பனிக்குள் ஜீப் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தான்.

"ஏங்க, சாப்பாடு!"

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. இப்போது தெருவே கேட்கும்படி "வீரபாண்டி!" என்று கத்தினாள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவன் நடந்துகொண்டே இருந்தான்.

கூடாது கூடாது என்று மனசு அடித்துக்கொள்ளும்போதே வாய் முந்திக்கொண்டது.

"சுடலைமுத்து..." தனக்கே கேட்காத குரலில்தான் சொன்னாள்.

அத்தனை தூரத்தில் அவன் நின்றான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன தங்கச்சி?"