பதினாலாம் நம்பர் பாட்டில்

மூக்கக்காவின் இடது கை மூன்று மாதமாக அவள் பேச்சைக் கேட்பதில்லை. மணிக்கட்டில் காசளவு சிவப்பாகத் தொடங்கியது, இப்போது முழங்கை மடிப்பு வரை ஏறிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. சொறிந்தால் எரியும், சொறியாவிட்டால் உயிர் போகும். நீளக்கைச் சட்டை போட்டு மூடினாள். மூடினால் வியர்த்து இன்னும் அதிகமாக அரித்தது.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்த நான்கு மாடிக் கடையில் அது யாருக்கும் நினைவில்லை. சென்ட் பிரிவில் பதினோரு வருடம் நின்றவள். கண்ணை மூடிக்கொண்டு, மூடியை மட்டும் மோந்து பார்த்து, முப்பத்து நான்கு பாட்டிலில் இது எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவாள். அதனால் மேலாளர் முதல் லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வாங்க வருகிறவர்கள் தங்கள் கையில் அடித்துப் பார்க்கத் தயங்குவார்கள். மூக்கக்கா டெஸ்டர் பாட்டிலை எடுத்து முதலில் தன் இடது மணிக்கட்டில் ஒரு தடவை அடித்து நீட்டுவாள். "மோந்து பாருங்க, பிடிச்சா உங்க கையில அடிக்கிறேன்" என்பாள். மணிக்கட்டில் இடம் தீர்ந்தால் அதற்கு மேலே, அதற்கும் மேலே. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கையில் இருபது வாசனை ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம் மேலாளர் அவளை அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

"கஸ்டமருங்க உங்க கையைப் பாத்துட்டு ரெண்டடி பின்னால போறாங்க. நானே பாத்தேன்."

"சோப்பு சார். புது சோப்பு ஒத்துக்கல."

"நல்லது. அதையே டாக்டர் எழுதித் தரட்டும். நம்ம பொருளால வரலைன்னு ஒரு லெட்டர். அடுத்த சனிக்கிழமை காலைல என் கையில இருக்கணும். இல்லேன்னா உங்களைக் கீழ பெட்டி செக்‌ஷனுக்கு மாத்துறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

பெட்டிப் பிரிவு என்பது பயணப் பெட்டிகள் விற்கும் இடம், தரைக்கும் கீழே, ஜன்னல் இல்லாத நீளக் கூடம். அங்கே மோந்து பார்க்க இருப்பது ரப்பர் சக்கரம் மட்டும்தான். இந்த மூக்கை வைத்துக்கொண்டு அங்கே போய் ஜிப் இழுத்துக் காட்டுவதா? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எப்பாடு பட்டாவது சோப்புதான் குற்றவாளி என்று நிரூபித்துவிட வேண்டும்.

கவுன்டருக்குத் திரும்பினால் அங்கே டீச்சர் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். நாலு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வருவார், பதினாலாம் நம்பரைக் கழுத்தில் ஒரு தடவை அடித்துக்கொள்வார், ஒரு பாட்டில்கூட வாங்காமல் போவார். மற்ற கவுன்டர்களில் அவருக்கு ஓசி டீச்சர் என்று பெயர். அந்த வாசனை அவர் கணவருக்குப் பிடித்தது. கணவர் போன வருடம் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் டீச்சர் வந்துகொண்டுதான் இருந்தார். மூக்கக்கா அவரை ஒருநாளும் முகம் சுளித்து அனுப்பியதில்லை.

"உனக்கும் அரிப்பாம்மா?" டீச்சர் அவள் கையைப் பார்த்துவிட்டுக் கழுத்துத் துணியைத் தளர்த்தினார். "எனக்கு மூணு வருஷமா இந்தப் பாடு. சோப்பு மாத்தினேன், தலையணை மாத்தினேன். கத்திரிக்காயை அடியோட நிறுத்திட்டேன். ஒண்ணும் கேக்கல. நீ கத்திரிக்காய் சாப்பிடுவியா?"

"அதெல்லாம் இல்ல டீச்சர், எனக்கு சோப்பு."

"எதுக்கும் நிறுத்திப் பாரு" என்று சொல்லிவிட்டு டீச்சர் கழுத்தைச் சாய்த்தார். மூக்கக்கா பதினாலை எடுத்து, தடித்த இடத்தை விட்டுத் தள்ளி, பதமாக ஒரு தடவை அடித்தாள்.

வீட்டில் அவள் கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர், விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நாள் முழுக்க சென்ட்டைக் கையில அடிச்சுக்கிறே. அதுவாத்தான் இருக்கும்."

"நீங்க நாள் முழுக்க பஸ் ஓட்டுறீங்க. பஸ்ஸால உங்களுக்கு அரிக்குதா?"

"பஸ்ஸை நான் மேல பூசிக்கிறதில்லையே."

அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது. சென்ட்டில் கெடுதல் ஒன்றுமில்லை என்று காட்டிவிட, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த காலி சென்ட் பெட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியால் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். எல்லாவற்றிலும் ஆல்கஹாலுக்கு அடுத்ததாக 'வாசனைக் கலவை' என்று ஒரே பெயர். அதற்குள் நாற்பது சாமான் இருக்கலாம், எண்பதும் இருக்கலாம். பிறகு லினலூல், லிமோனீன், ஜெரானியால் என்று வாயில் நுழையாத பெயர்கள். கம்பெனிக்குப் போன மாதமே கடிதம் போட்டிருந்தாள். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, கலவை விவரம் தொழில் ரகசியம்' என்று ஒன்றரை வரி பதில் வந்திருந்தது. பதினோரு வருடம் அவர்கள் சரக்கைத் தன் தோலில் விளம்பரம் செய்தவளுக்கு ஒன்றரை வரி. அந்தக் கடிதத்தைக் கசக்கி எறிந்தாள், பிறகு எடுத்து நீவி மறுபடி படித்து மறுபடி கசக்கினாள்.

திங்கட்கிழமை தோல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா அதிகம் பேசாதவர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கக்கா சோப்பு, சோப்பு என்று நாலு தடவை சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. முதுகில் சின்னச் சின்னக் கிண்ணம் போன்ற வில்லைகள் வைத்த பட்டைகளை ஒட்டினார். மொத்தம் முப்பத்தெட்டு வில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு சாமான். புதன்கிழமை பட்டையை எடுப்பார்கள், வெள்ளிக்கிழமை முடிவு பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது, சொறியக்கூடாது.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டாள் மூக்கக்கா.

"விடலாம்" என்றார் டாக்டரம்மா, சிரிக்காமல்.

அந்த வாரம் வெயிலும் அவளோடு பகை வைத்துக்கொண்டது. குளிக்காமல், குனியாமல், முதுகை எதிலும் சாய்க்காமல், பலகையை முழுங்கியவள் மாதிரி நடந்தாள். கணவர் ஈரத்துணியால் கழுத்தையும் கையையும் துடைத்துவிட்டு, பட்டையை எடுக்கும் வரை அதன் ஓரம் தூக்குகிறதா என்று தினமும் காலையில் பார்த்தார். அந்தக் கரிசனத்துக்கும் சேர்த்து அவர்மேல்தான் எரிந்து விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா அவள் முதுகை நெடுநேரம் பார்த்தார். பிறகு போனில் படம் பிடித்துக் காட்டினார்.

"முப்பத்தேழு சுத்தம். ஒண்ணுதான் தடிச்சிருக்கு."

"சோப்புதானே டாக்டர்?"

"லினலூல். பூவுல, இலைல எல்லாம் இருக்கிற சாமான்தான். சென்ட்ல நிறைய சேப்பாங்க."

"பூவுல இருக்கிறது எப்படி டாக்டர் கெடுதல் பண்ணும்?"

"விஷக்காளான்கூட மண்ணுலதான் முளைக்குது. படத்தைச் சரியாப் பாருங்க. இங்க வெச்சது புது லினலூல், ஒண்ணுமே ஆகல. பக்கத்துல வெச்சது மாசக்கணக்கா காத்துல கிடந்த லினலூல். இதுதான் செவந்து நிக்குது."

மூக்கக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "அப்போ எங்க பொருள் மேல தப்பில்ல! அதைத்தான் லெட்டர்ல எழுதித் தாங்க, போதும்."

"உக்காருங்க. மூடியிருக்கிற வரைக்கும் தப்பில்ல. திறந்து காத்துப் பட்டா அது மெல்ல மெல்ல வேற ஒண்ணா மாறிடும். அந்த மாறினது தோலுக்குப் பகை. வீட்டுல ஒரு பாட்டில் வாங்கினா நாளோட தீத்துடுவாங்க. உங்க கடையில பழசு ஏதாவது இருக்கா? பல வருஷமா திறந்து கிடக்கிறது, வெளிச்சத்துல நிக்கிறது?"

மூக்கக்கா மெல்ல உட்கார்ந்தாள்.

அவள் கண்முன் நின்றது ஒரு புனல். கட்டைவிரல் அளவு எவர்சில்வர் புனல், அவளே தன் வீட்டிலிருந்து கொண்டுபோனது. அந்த டெஸ்டர் பாட்டில்களின் அடியில் எப்போதும் ஒரு விரல் உயரம் மிஞ்சும். உள்ளே இருக்கும் குழாய்க்கு அது எட்டாது. எல்லாக் கடையிலும் அதை வீசிவிடுவார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் ஒருநாள் கழுத்தைத் திருகித் திறந்து, மிச்சத்தைப் புது டெஸ்டரில் ஊற்றினாள். அது தீர்ந்ததும் அதன் மிச்சத்தை அடுத்ததில். அன்று முதல் ஒரு சொட்டுக்கூட அவள் கவுன்டரில் வீணானதில்லை. முதல் பாட்டிலின் அடிவண்டல் இன்றைய பாட்டில் வரை கைமாறி வந்துகொண்டே இருந்தது. இதற்காக 'சிக்கன நட்சத்திரம்' என்று அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்து, மேலாளர் கையெழுத்தோடு கண்ணாடிச் சட்டம் போட்டுக் கவுன்டருக்குப் பின்னாலேயே மாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பாட்டில்களில் ஒரு காரல் ஏறியிருந்ததும் அவளுக்குத் தெரியும். முதல் நொடியில் மூக்கின் நுனியில் லேசாகக் குத்தும். யாராவது கேட்டால், "பழகப் பழக ஆழம் வரும்" என்று வாய்கூசாமல் சொல்லியிருக்கிறாள். மூக்கு அப்போதே சொன்னது. அவள்தான் கேட்கவில்லை.

"கை ஆறிடுமா?"

"ஆறிடும். ஆனா தோல் ஒரு தடவை பகைச்சுக்கிட்டா மறக்காது. இனிமே புதுசும் வேண்டாம், பழசும் வேண்டாம். லெட்டர்ல உள்ளது உள்ளபடிதான் எழுத முடியும்."

பஸ்ஸில் வரும்போது அவள் அந்த வாரம் முழுக்கத் திட்டியவர்களை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மேலாளர், கம்பெனி, டாக்டரம்மா, கணவர், சோப்பு, வெயில். ஒருவர் மேலும் கோபப்பட வழியில்லாமல் போய்விட்டது. அதுதான் தாங்கவே முடியவில்லை.

சனிக்கிழமை காலை லெட்டர் அவள் கைப்பையில் இருந்தது. கிழித்துப் போட்டுவிடலாம் என்றும் தோன்றியது. டாக்டர் ஊரில் இல்லை என்று சொன்னால் இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம். அதற்குள் புனலை ஒளித்துவிட்டு, பாட்டில்களைக் கொட்டிக் கழுவிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, டீச்சர் வந்துவிட்டார்.

"பதினாலு" என்று புன்னகைத்துக் கழுத்துத் துணியைத் தளர்த்தினார்.

போன வாரத்தைவிடச் சிவப்பு இன்னும் கீழே பரவியிருந்தது. காதுக்குக் கீழே தொடங்கி, தோள்பட்டையை நோக்கி. மூக்கக்கா தன் கையில் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே தடிப்பு, அதே ஓரம். தூரத்தில் மேலாளர் அவளைப் பார்த்துவிட்டு, லெட்டர் எங்கே என்பதுபோல் கையை நீட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

அவள் பதினாலை எடுத்தாள். விரலை மூடிமேல் வைத்தாள். பிறகு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினாள்.

"டீச்சர், உங்க கழுத்தும் என் கையும் ஒரே வியாதி. சோப்பு இல்ல, தலையணை இல்ல, கத்திரிக்காயும் இல்ல. இந்தப் பாட்டில்தான்."

"என்னம்மா சொல்றே?"

"பழைய மிச்சத்தை எல்லாம் புதுசுல ஊத்தி ஊத்தி வெச்சேன். எட்டு வருஷமா. யாரும் செய்யச் சொல்லல, நானா செஞ்சேன். கெட்டுப் போனதைத்தான் வாரா வாரம் உங்க கழுத்துல அடிச்சிருக்கேன். நீங்க ஒரு டாக்டரைப் பாத்துடுங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சு இதுதான்."

வந்து நின்ற மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்காமலே மூக்கக்கா பையிலிருந்து லெட்டரை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் பிரித்துப் படித்தார். பிறகு சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தை, தன் கையெழுத்தைப் பார்த்தார்.

டீச்சர் துணியைத் திரும்பக் கட்டிக்கொள்ள வெகுநேரம் எடுத்தார். முடிச்சு விழவே மாட்டேன் என்றது. திட்டட்டும் என்று மூக்கக்கா காத்திருந்தாள். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டால் இந்த நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கும் என்றிருந்தது.

"கத்திரிக்காய் இல்லையா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர்."

"எங்க வீட்டுக்காரர் போறதுக்கு முந்தின மாசம் கேட்டார். நாக்குக்கு எதுவுமே பிடிக்கல, கத்திரிக்காய் மட்டும் வதக்கிக் குடுன்னு. வீட்டுல இருந்தா நானும் வாயை அடக்க மாட்டேன், அரிச்சுத் தொலைக்கும்னு வாங்கவே இல்ல." டீச்சர் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ வாங்கியிருக்கலாம், இல்லையா?"

மூக்கக்கா டீச்சர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"வாங்கியிருக்கலாம் டீச்சர்."