‘போலியோ’ என்று எழுதியவன்

1

இந்தக் கதை என் கையெழுத்தில் தொடங்கியது. இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அதுதான்.

1981 ஐப்பசியில் சங்கரன்கோவிலில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான இலவச முகாம். பெயர் பதிய உட்கார்ந்த வாத்தியார் நான். விசைத்தறிக்குத் தாரில் நூல் சுற்றுகிற சீனியம்மாள், ஏழு வயது மகள் ஆவுடைத்தாயை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“பொறந்ததும் அழவே இல்ல சார். காலு ரெண்டும் முறுக்கிக்கிட்டே நிக்கி. குதிகால ஊனவே மாட்டேங்கா.”

படிவத்தில் அதற்கு இடமில்லை. ‘போலியோ’ என்று எழுதினேன். (வரிசை நீளமாக இருந்தது என்று இங்கே ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

2

‘கண்ணீர் மல்க அந்தத் தாய் தன் மகளை…’

வேண்டாம். சீனியம்மாள் அழுகிறவள் இல்லை, கோபக்காரி. மகளைப் பள்ளியில் சேர்க்க இரண்டு வருடமாக அலைந்தவள். “நடந்து வந்தா சேத்துக்கிடுதேன். தூக்கிட்டு வந்தா இங்கன யாரு பாத்துக்கிடுவா?” என்று தலைமையாசிரியையான பெரிய டீச்சர் திருப்பி அனுப்பியிருந்தார்.

சித்திரையில் முகாம்காரர்கள் காலிப்பர் கொண்டுவந்தார்கள். பூட்ஸ், இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முட்டிக்குத் தோல்பட்டை. துவண்டுபோன போலியோ காலை நிமிர்த்தி நிறுத்துவதற்கானது. ஆவுடையின் கால் துவளவில்லை, விறைத்துக்கொண்டிருந்தது. பூட்ஸுக்குள் குதிகால் இறங்காமல் மேலேயே நின்றது. யாரும் உள்ளே பார்க்கவில்லை. போட்டோ எடுத்தார்கள்.

3

தினமும் காலையில் சீனியம்மாள் பட்டையை இறுக்கினாள்.

“வலிக்கும்மா. கழட்டும்மா.”

“வலிச்சாத்தான் நடப்ப. எந்திரிட்டி!”

எழுந்திருக்காத நாட்களில் முதுகில் அடி விழுந்தது. (இதை நீக்கிவிடலாமா என்று அவளிடமே கேட்டேன். “அடிச்சேன்னே எழுதுங்க சார்,” என்றாள்.)

ஜூன் மாதம், பள்ளிக்கூட வாசலிலிருந்து பெரிய டீச்சரின் மேசை வரை ஆவுடை பதினோரு எட்டு நடந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, அழாமல். பெயர் ஏறியது. சீனியம்மாள் அன்று தறிக்கூடம் முழுக்க மிட்டாய் கொடுத்தாள்.

நாலாம் நாள் பூட்ஸைக் கழற்றியபோது, காலுறை குதிகாலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

4

பாளையங்கோட்டை டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டுக் காலிப்பரைத் தூக்கிப் பார்த்தார்.

“இது போலியோ இல்லம்மா. மூளையில வந்த பாதிப்பு, அதான் கால் விறைக்குது. குதிகால் தரையில பதியிற மாதிரி கணுக்காலுக்கு அளவெடுத்து வேற செய்யணும். புண்ணு ஆற மூணு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் எதையும் மாட்டக் கூடாது, இத எப்பவுமே கூடாது. போலியோன்னு யாரு எழுதினது?”

மறுநாள் சாயந்திரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“நீங்க எழுதுனீங்க. நான் அடிச்சேன்,” என்றாள். அவ்வளவுதான்.

நான் பெரிய டீச்சரிடம் போனேன். மூன்று மாதம் தூக்கிக்கொண்டு வரட்டுமே என்றேன். “நடந்துதான சேந்தா? திங்கக்கெழம நடந்து வரலைன்னா பேரை எடுத்திருவேன்,” என்றார். நான் வாதாடவில்லை. (வாதாடியதாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.)

5

பெரிய டீச்சர் மனமிரங்கும் முடிவு ஒன்று வைத்திருந்தேன். அவர் இரங்கவில்லை. புதுக் காலிப்பர் உடனே வந்துசேரும் முடிவு இன்னொன்று. அது வர இரண்டு வருடமானது.

ஆக, திங்கட்கிழமை காலைதான் மிச்சம். ஆவுடை சீருடை போட்டு, தலைசீவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். காலில் கட்டு. சீனியம்மாள் காலிப்பரை எடுத்துப் பரணில் எறியப் போகிறாள்.

“மாட்டும்மா,” என்று மகள் தானே காலை நீட்டுகிறாள். “நான் அழமாட்டேன். நீ அடிக்கவும் வேண்டாம்.”

அன்று சீனியம்மாள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் அவளுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். பட்டையை இப்போது நீங்கள் பிடியுங்கள். பிள்ளை காலை நீட்டிக்கொண்டிருக்கிறது. முதல் மணி அடித்துவிட்டது.