கீரைக்குக் கூலி

மூன்று மாதம் மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. நர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு, சில்வண்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்துக் கிடந்தது. சில்வண்டு என் மகள், ஏழு வயது. வாய் ஓயாது என்பதால் வைத்த பட்டப்பெயர். இப்போது மாடிப்படியில் பாதி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறாள். வகுப்பில் சாக்பீஸ் தின்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் உடம்பில் ரத்தம் குறைவு என்று எங்களுக்கு உறைத்தது.

"இரும்புச்சத்து சிரப் குடுக்குறீங்களா?"

"தவறாம."

"கீரை?"

கீரை என் துறை. ராத்திரி ஷிப்ட் தாங்காமல் மில் வேலையைப் பாதியில் விட்டு வந்தவன் நான். மனைவி தையல் யூனிட்டுக்குப் போகிறாள். அடுப்படி எனக்கு. பின்சுவரை ஒட்டி ஊன்றிய முருங்கைக் கொம்பு தளிர்த்ததிலிருந்து தினமும் ஒரு கைப்பிடி உருவி, காம்பு பொறுக்கி, பருப்போடு மசித்துக் கொடுக்கிறேன். ஷிப்டில் கூட இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்ததில்லை.

"டெய்லி சாப்பிடுறா. தட்டைக் காலி பண்ணா டீ உண்டுன்னு சொல்லிருக்கேன்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "டீயா?"

அரை டம்ளர், தூள் தூக்கலாக. சிரப்பும் அதோடுதான், இரும்பு வாடை தெரியாமல் இறங்கட்டும் என்று. டீயிலேயே ஓடிய உடம்பு எனது. அவளுக்கும் தெம்பு வரும் என்று நினைத்தேன்.

"ஒரு கையால ஊட்டிட்டு இன்னொரு கையால பிடுங்கியிருக்கீங்கண்ணே. சாப்பாட்டோட டீ போனா இரும்புச்சத்து உடம்புல சேராது. டீயை நிறுத்துங்க. கீரைல எலுமிச்சை பிழிங்க. அடுத்த மாசமும் ஏறலன்னா அட்மிட் பண்ணி ஊசிலதான் ஏத்தணும்."

ஊசி என்றதும் சில்வண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மனைவியிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "படிச்சதும் பாதி, பாத்த வேலையும் பாதி. இதையாவது முழுசாப் பண்ணுங்க." வலித்தது. பொய்யில்லையே. டீத்தூள் டப்பாவை எடுத்துப்போய் மாடி வீட்டில் கொடுத்துவிட்டேன். மகளுக்கு இல்லாதது எனக்கு எதற்கு?

மறுநாள் காலை டீ இல்லாமல் என் மண்டை பிளந்தது. சில்வண்டு தட்டைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"டீ?"

"இனிமே இல்ல."

"அப்ப நான் எதுக்குச் சாப்பிடணும்?"

நியாயமான கேள்விதான். மிட்டாய் தருகிறேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். "ஊசி வேணாம்னா சாப்பிடு. இனிமே கூலியெல்லாம் கிடையாது."

"நீ ஒரு நாளாவது சாப்பிட்டிருக்கியாப்பா?"

இல்லை. மூன்று மாதத்தில் ருசி பார்க்கக்கூட நாக்கில் வைத்ததில்லை. இன்னொரு தட்டை எடுத்து, அவளுக்கு வைத்த அளவே வைத்து, எலுமிச்சை பிழிந்து எதிரே உட்கார்ந்தேன். கசந்தது. நார் பல்லில் சிக்கியது.

"மூஞ்சியப் பாரு," என்றாள். "நீயே முழுங்கல."

முழுங்கினேன். அவள் ஒரு வாய் எடுத்து இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். பள்ளிக்கூட வேன் வாசலில் ஹாரன் அடித்தது. நான் அடுத்த உருண்டையைப் பிசைந்தேன். அவள் கன்னம் உப்பியபடி, என் தொண்டையில் இறங்குகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் இன்னொரு முறை ஹாரன் அடித்தது.