நீல டிரம்மின் மூடி

மச்சான் ஒரு தக்காளியைப் பறித்து, தலைகீழாகத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடிப்பக்கம் கறுத்துக் குழிந்திருந்தது.

"இது என்ன மாப்ள?"

"கால்சியம் பத்தல."

"தெரியுதுல்ல? தெரிஞ்சும் மரமாட்டம் நிக்கிற."

பசுமைக்குடிலுக்குள் புழுங்கியது. நூலைப் பிடித்து ஏறிய செடிகளில் கீழ்க்கொத்துகள் எல்லாமே இப்படித்தான். மேலே பிஞ்சுகள் இப்போதுதான் திரண்டிருந்தன. அவற்றையாவது காப்பாற்ற வேண்டும். விதை போட்டு இந்தச் செடிகளை எழுப்பியவள் என் மனைவி. மச்சானின் தங்கை. காய்ப்பைப் பார்க்க அவள் இல்லை.

குடில் வாசலில் இரண்டு டிரம்கள். கறுப்பு என்னுடையது, சல்பேட் உப்புகளுக்கு. நீலம் அவளுடையது, கால்சியம் நைட்ரேட்டுக்கு மட்டும். இரண்டிலிருந்தும் கரைசல் பாசன நீரில் கலந்து வேருக்குச் சொட்டும். ஆனால் கெட்டிக் கரைசலாக ஒரே டிரம்மில் சேரக்கூடாது. சேர்ந்தால் சுண்ணாம்புக் குழம்பாகிக் குழாயை அடைத்துவிடும். அதனால் கல்யாணமான புதிதிலேயே பங்கு பிரித்தோம். அவள் டிரம்மை நான் தொடுவதில்லை. என்னுடையதை அவளும் தொடமாட்டாள். "உங்க கை பட்டா என்னோடது திரிஞ்சிடும்" என்பாள்.

அவள் இறந்த பிறகு கறுப்பு டிரம்மை மட்டும் நிரப்பிவந்தேன். நீல மூடியைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"இன்னைக்கு கால்சியம் போகலன்னா அத்தனையும் புடுங்கிட்டு வெள்ளரி போடுறேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"புடுங்காதீங்க மச்சான்."

"அப்ப கையக் கால அசை. நானும் எத்தன நாளைக்கு உப்புக்குச் சப்பாணியா நிக்கிறது?"

நான் கடைசி வரிசைக்குப் போய் அவிழ்ந்த நூலைக் கட்டினேன். பின்னால் மூட்டை இழுபடும் சத்தம். மோட்டார் ஓடத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். மச்சான் கால்சியம் மூட்டையைக் கறுப்பு டிரம்மில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்! அதுல இல்ல!"

ஓடினேன். தோள் பட்டு ஒரு கொத்து அறுந்து விழுந்தது. வால்வைத் திருகி மூடினேன். மோட்டாரை நிறுத்தினேன். டிரம்முக்குள் தயிர் போல வெள்ளையாகத் திரண்டிருந்தது. உறிஞ்சு குழாயிலும் வெள்ளை.

"உப்பு உப்புதானேய்யா," என்றார். குரல் இறங்கிவிட்டது.

"உள்ள போயிருந்தா அடைச்சுக்கும். இந்த வெயில்ல தண்ணி இல்லாம சாயங்காலத்துக்குள்ள மொத்தமும் துவண்டுடும்."

வடிகட்டியைக் கழற்றினேன். சல்லடை முழுக்க வழுவழுப்பான வெள்ளைச் சேறு. அலசி மாட்டினேன். மச்சான் சொல்லாமலே ஓடிப்போய்க் குழாய்களின் முனைகளைத் திறந்துவிட்டார். வெறும் தண்ணீரை விட்டேன்.

"கலங்கலா வருது மாப்ள."

"வரட்டும்."

"இன்னும் கலங்கல்தான்."

"விடாதீங்க. ஓடட்டும்."

அவர் ஒவ்வொரு முனையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். பிறகு, "தெளிஞ்சிடுச்சு!"

முனைகளை மூடிவிட்டு முதல் செடியின் அடியில் குனிந்தோம். சொட்டுவாய் காய்ந்து கிடந்தது. மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு துளி திரண்டது. தொங்கியது. விழுந்தது. வரிசை நெடுக நடந்து பார்த்தோம். எல்லாம் சொட்டின.

"பக்கத்துலயே நீல டிரம் இருந்துச்சே மச்சான்."

அவர் வேறு பக்கம் பார்த்தார். "நீ மட்டுந்தான் அதத் திறக்கமாட்டியா? எனக்கும் கை வரல."

கறுப்பு டிரம் இனி இன்றைக்கு உதவாது. மூட்டையில் பாதி மிச்சமிருந்தது. நீல மூடியைத் திருகினேன். இறுகியிருந்தது. மச்சான் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, மூடி விட்டுக்கொடுத்தது.

உள்ளே சுத்தமாக இருந்தது. கடைசியாகக் கழுவி, குவளையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். குவளையை வெளியே எடுத்தேன். தண்ணீர் விட்டேன். உப்பைக் கொட்டிக் கலக்கினேன். டிரம்மைத் தொட்ட மச்சான் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னய்யா இப்படிக் குளிருது?"

"கரையும்போது அப்படித்தான். வெயில்ல அவ கன்னத்த இதுல வச்சிக்கிட்டு நிப்பா."

அவர் கையை மறுபடி அங்கே வைத்தார். எடுக்கவில்லை.

நீல டிரம்மின் வால்வைத் திறந்தேன். தெளிந்த கரைசல் குழாயில் ஏறியது.

"கறுத்ததெல்லாம் சரியாயிடுமா?"

"ஆகாது. இனிமே வர்றதுக்குத்தான்."

அவர் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனார். கறுத்த காய்களைக் கிள்ளிப் போடத் தொடங்கினார்.

"வெள்ளரி?" என்றேன்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அந்த வரிசையப் பாரு."